சம்பங்கி கும்பிடுகிறாள்

சூளகிரி
20-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எல்லப்பன் வணங்கி எழுதுவது. எனக்கு உடம்பில் பெரிய குறை ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் தன் வயதைச் சொல்கிறது. அங்கே புனேயில் உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது, பிரியாவுக்கு மாதம் நெருங்குவதால் கால் வீக்கம் ஏதும் உண்டா என்று எழுதவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ பதிலைச் சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது.

விஷயம் உன் நாய் சம்பங்கியைப் பற்றியது. மகளின் பிரசவத்துக்குப் போகும்போது வீட்டையும் அவளையும் என் பொறுப்பில் விட்டுப் போனாய். அவள் காலையில் எழுந்ததும் முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் உயரத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்கிறாள். முதலில் சோம்பல் முறிக்கிறாள் என்று நினைத்தேன். சோம்பல் முறிக்கிற நாய் உடனே நிமிர்ந்துவிடும். இவள் நிமிர்வதில்லை.

இதை உன் மகன் பிரகாஷ் பார்த்தான். அவன் மனை போட்டு விற்கும் நம் நிலத்தின் முகப்பில், அவன் அப்பா உயிரோடு இருந்தபோது வைத்த பைரவர் கல்லுக்கு இப்போது டைல்ஸ் ஒட்டிக் கோயிலாக்கியிருக்கிறானே, அதன் எதிரே அவள் அப்படி நின்றபோது வீடியோ எடுத்துவிட்டான். பைரவருக்கு வாகனமே நாய்தானே. அன்றிலிருந்து கூட்டம். சம்பங்கிக்குப் பைரவி என்று பெயரும் மாற்றிவிட்டான். அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு அறிவிருக்கிறது.

அவள் படியேறுவதை விட்டுவிட்டாள். வயிற்றுப் பக்கம் கை வைத்தால் என்னிடமே உறுமுகிறாள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. நான் தவறாகவும் பார்த்திருக்கலாம். உன் கருத்தை அறிய வேண்டும்.

பணிவுள்ள தம்பி,
எல்லப்பன்

*

புனே
2-7-2024

தம்பி எல்லப்பனுக்கு,

அக்கா வெங்கடம்மாள் எழுதுவது. மூச்சு இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். பிரியாவின் கால் வீங்கியிருக்கிறது, மாப்பிள்ளையின் மூஞ்சியும் வீங்கியிருக்கிறது. காலுக்குக் காரணம் தெரியும்.

நாய் சாமி கும்பிடுகிறது. அதில் உனக்கு என்ன சரியாகப் படவில்லை? நீ கும்பிடாததை அது கும்பிடுகிறதே என்றா? இந்த அடுக்குமாடியில் இருக்கும் பொம்பளைகள் தினமும் நாய்க்குச் சொக்காய் மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். அவர்களிடம் பிரகாஷ் அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். வாயைப் பிளந்தார்கள். அவர்கள் நாய்க்கு நாய் வேலையே தெரியவில்லை, என் நாய் பூசை செய்கிறது.

கம்பெனியில் ஆயுசுக்கும் நட்டையும் போல்ட்டையும் அளந்து பார்த்து இது சரி, இது தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நீ. கல்யாணத்துக்குப் பார்த்த பெண்களையும் அப்படியே அளந்துகொண்டிருந்தாய். கடைசியில் உன்னை அளக்க ஆளில்லாமல் போயிற்று. இப்போது நாயை அளக்கிறாய். அதற்குச் சோறு போடு, போதும்.

உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்.

வெங்கடம்மாள்

*

சூளகிரி
30-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நல்லெண்ணெய் தேய்க்கிறேன். பெண் குழந்தை பிறந்திருக்கிறாள் என்று பிரகாஷ் சொன்னான். தாயும் சேயும் சுகம் என்பதில் மிக்க மகிழ்ச்சி. நீ தூங்குகிறாயா?

நேற்று முன்தினம் தேய்பிறை அஷ்டமி. யார் யார் வந்தார்கள் என்று சொல்கிறேன். சிப்காட்டில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கும் ஒருவர், மேனேஜராக வேண்டுமென்று வடைமாலை கொண்டுவந்தார். மேனேஜர் ஒருவர், தன் இடத்துக்கு அந்த இன்சார்ஜ் வந்துவிடக்கூடாதென்று அவரும் வடைமாலை கொண்டுவந்தார். இருவரும் ஒரே கம்பெனி. பைரவர் கழுத்தில் இரண்டு மாலையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. பிறகு அத்தனை வடையும் யார் வாய்க்குப் போயிற்று என்று நினைக்கிறாய்? வாகனத்துக்கு ஊட்டினால்தான் பலனாம். எண்ணெய் சொட்டச் சொட்ட ஆளுக்கொன்று ஊட்டினார்கள். சம்பங்கியும் தின்றாள். அவள் நாய், கொடுத்தால் தின்பாள். கொடுத்தவர்களைத்தான் என்ன பிறவி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் நெடுநேரம் குனிந்து நின்றாள். பெங்களூர்க் காரிலிருந்து இறங்கிய அம்மாள், "நமஸ்கார மாட்திதெ நோடி!" என்று கன்னடத்தில் கத்தி, நாய் கும்பிடுகிறதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் பிரகாஷிடம் போய், "வடை வேண்டாமே தம்பி, அவளுக்கு வயிற்றில் ஏதோ வலி இருக்கும் போல" என்றேன்.

"மாமா, உங்களுக்கு எதுலதான் சந்தேகமில்ல? சாப்பாட்டுல உப்பு இருக்குதான்னே ரெண்டு தடவ நக்கிப் பாக்கற ஆளு நீங்க. ஜனங்க பக்தியா வராங்க. வந்தவங்க மனைய பாக்கறாங்க. உங்களுக்குப் புரியாது, உள்ள போங்க."

உள்ளே போய்விட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அவள் கோயிலைப் பார்த்து மட்டும் கும்பிடுவதில்லை. டிரான்ஸ்பார்மரைப் பார்த்தும் கும்பிடுகிறாள். செப்டிக் டேங்கைப் பார்த்தும் கும்பிடுகிறாள். ராத்திரி ஆளில்லாதபோது என் கட்டிலுக்கு அடியிலும் கும்பிடுகிறாள், குளிரிலும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டு. இதற்கு வேறு விளக்கம் இருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

நாய் உன்னுடையது. நீ சொன்னால்தான் பிரகாஷ் கேட்பான். வடை போடாதே என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எல்லப்பன்

*

புனே
14-8-2024

தம்பிக்கு,

நான் நலம். குழந்தை என்னைத் தூங்க விடுவதில்லை. பெண் பிள்ளை என்பதை இப்போதே காட்டுகிறாள்.

செப்டிக் டேங்கின் அடியில் எந்தச் சாமி புதைந்திருக்கிறதோ, உனக்குத் தெரியுமா? சம்பங்கி அதை யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று சொல்கிறேன், கேள். என் வீட்டுக்காரரை, உன் மாமாவைப் பார்த்துத்தான். கடைசி வருஷம் முழுக்க அவர் பூசையறையில் நெற்றியைத் தரையில் வைத்து விடிய விடியக் குனிந்தே கிடந்தாரே, நீயும் வந்து பார்த்தாயே. கூப்பிட்டால்கூட எழுந்திருக்க மாட்டார். அப்படி ஒரு பக்தி. அந்த வாசற்படியில்தான் இவளும் படுத்துக் கிடந்தாள். எசமான் செய்ததை நாய் செய்கிறது. அது உன் அளவுகோலுக்கு அகப்படாது.

உனக்கு அவ்வளவு சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போ. போவாயா? பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கப் பயந்து இறங்கி நடக்கிறவன் நீ. போகமாட்டாய்.

வெங்கடம்மாள்

*

சூளகிரி
5-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் உடல்நலத்தையும் குழந்தையின் நலத்தையும் வேண்டுகிறேன்.

போனேன்.

முதலில் போனது மருந்துக் கடைக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. கடைக்காரர், "மனுசனுக்கு வலிக்குப் போடறதுதான், பாதி போடுங்க" என்று ஒரு மாத்திரை கொடுத்தார். வாங்கிவந்து, போடலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே இருந்தேன். யோசித்து முடியவில்லை. டாக்டரிடம் காட்டியபோது, "இதப் போட்டிருந்தா இங்க வந்திருக்கவே வேணாம் சார், குழி தோண்டியிருக்கலாம்" என்றார். என் தயக்கத்தால் உலகத்தில் நடந்த ஒரே நன்மை இதுதான்.

ஓசூருக்கு ஆட்டோவில் போனோம். சானமாவுக் காட்டுப் பக்கம் யானைகள் சாலையைக் கடப்பதாக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நிற்கும் ஆட்டோவிலேயே சம்பங்கி சீட்டில் மார்பை வைத்துக் குனிந்தாள். பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "யானைய கும்பிடுது பாரு, புள்ளையாரு!" என்றார்.

டாக்டர் பெயர் அதியா. சின்ன வயசு. பேச்சு சுருக்.

"எவ்ளோ நாளா இப்படிக் குனியுது?"

"வெயில் காலத்துலேர்ந்து."

"அத்தன நாளு என்ன பண்ணீங்க?"

"எல்லாரும் சாமி கும்பிடுதுன்னு சொன்னாங்க."

"நீங்க?"

"எனக்குச் சந்தேகமா இருந்தது."

"சந்தேகத்த வச்சுக்கிட்டு நாய் என்ன சார் பண்ணும்?"

ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். கணையம் வீங்கியிருக்கிறதாம். எண்ணெயும் கொழுப்பும் சேரச் சேர வீக்கமும் வலியும் திரும்பத் திரும்ப வருமாம். "நாய் வலிக்குதுன்னு சொல்லாது சார். கத்தவும் கத்தாது. படியேறாது, உதட்ட நக்கும், தனியா போய்ப் படுத்துக்கும், தொட்டா உறுமும். அதுதான் அது சொல்றது. இது பழைய வலி. முழுசாப் போகாது, கட்டுக்குள்ள வைக்கலாம்" என்றார்.

எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது. தோல் நீக்கிய கோழியும் குழைந்த சோறும் பூசணியும் வேகவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்க வேண்டும். அவர் எழுதிய மாத்திரையை அவர் சொன்ன அளவில் மட்டும் போட வேண்டும். ஒருக்களித்துப் படுக்கிறாளா, படியேறுகிறாளா என்று தினமும் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். இந்த வேலை எனக்குத் தெரியும்.

ஏன் குனிகிறாள் என்றும் கேட்டேன். அப்படி நின்றால் வயிற்றில் அழுத்தம் குறையுமாம். கணையத்தில் வலி வந்தால் மனிதர்களும் முன்னால் குனிந்துதான் இருப்பார்களாம், நிமிர்ந்தால் தாங்காதாம். இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பிரகாஷிடம் சீட்டைக் காட்டினேன். "பாய் வீட்டுப் பொண்ணுக்குப் பைரவரப் பத்தி என்ன மாமா தெரியும்?" என்றான். பைரவரைப் பற்றி அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை; கணையத்தைப் பற்றித்தான் சொன்னார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனைத்தான் நீயும் மாமாவும் பெங்களூருக்கு அனுப்பிப் படிக்கவைத்தீர்கள்.

அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

எல்லப்பன்

*

சூளகிரி
1-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன்னிடமிருந்து பதில் இல்லை. போனிலும் பிரியாதான் பேசுகிறாள். நீ குளிக்கிறாய் என்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் குளிக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

சென்ற அஷ்டமிக்கு அவளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பிரகாஷ் வந்து சங்கிலியைப் பிடித்துக் கூட்டிப்போனான். நான் கதவருகே நின்றிருந்தேன். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நான் எழுதியதில் ஏதாவது உன் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்.

எல்லப்பன்

*

புனே
20-10-2024

எல்லப்பா,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

இதோடு பிரகாஷுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவன் கையில் கொடு. இனி ஒரு வடை சம்பங்கியின் வாய்க்குப் போனால் நான் அடுத்த ரயிலில் வந்து அந்தக் கோயில் வாசலில் உட்காருவேன் என்று எழுதியிருக்கிறேன். அவன் எனக்குத்தான் பயப்படுவான்.

டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டு எழுது. மனிதர்களும் அப்படிக் குனிவார்கள் என்று சொன்னாரே. அப்படிக் குனிய வேண்டுமானால் எவ்வளவு வலித்திருக்க வேண்டும்?

நல்ல கோழியாகப் பார்த்து வாங்கு.

அக்கா

*

சூளகிரி
30-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். குளிர் தொடங்கிவிட்டது, புனேயிலும் இருக்குமே, மார்பை மூடிக்கொள்.

டாக்டரிடம் நீ கேட்டதைக் கேட்டேன். தமக்கு நாய்களைப் பற்றி மட்டுமே தெரியும் என்று சொல்லிவிட்டார்.

தாளைப் பிரகாஷிடம் கொடுத்தேன். படித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "அம்மாவ நல்லாத் தூண்டி விட்டுட்டீங்க மாமா. சத்தமே போடாம எல்லாத்தையும் சாதிச்சுட்டீங்க" என்றான். என் வாழ்நாளில் என்னை யாரும் சாதித்தவன் என்று சொன்னதில்லை. அதனால் கோபம் வரவில்லை.

இப்போது சம்பங்கியைப் பற்றி. முதல் சில நாட்கள் சோற்றை முகர்ந்துவிட்டு என்னைத் திட்டுவது போலப் பார்த்தாள். பிறகு தின்றாள். ஐப்பசி முடிவதற்குள் படியேறத் தொடங்கினாள். ஒருநாள் ஒருக்களித்துப் படுத்துக் காலை நீட்டித் தூங்கினாள். அதைப் பார்த்ததும், இறந்துவிட்டாளோ என்று பயந்து தொட்டேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். உறுமவில்லை. தொட்டது வயிற்றைத்தான்.

சென்ற வாரம் பைரவ ஜெயந்தி. சேலத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். வடையை எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டான் பிரகாஷ். உன்மேல் அவ்வளவு பயம். ஆரத்தி நேரத்தில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சம்பங்கி குனிவாள் என்று காத்திருந்தார்கள். அவள் வந்தாள், பைரவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள், மல்லாந்து நாலு காலையும் மேலே தூக்கி மண்ணில் புரண்டாள்.

"பவர் போயிடுச்சுப்பா" என்றார் அந்த ஷிப்ட் இன்சார்ஜ். "யாரோ தீட்டாக்கிட்டாங்க" என்றார் மேனேஜர். அந்தக் கம்பெனியில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும். வலியில் நின்றபோது காலில் விழுந்தவர்கள், வலி விட்டதும் எட்டிக்கூடப் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போனார்கள்.

இது என் பார்வையில் பட்டது. பிழை இருக்கலாம்.

எல்லப்பன்

*

புனே
18-12-2024

தம்பி எல்லப்பனுக்கு,

இருமல் இருக்கிறது, ஆனால் திட்ட முடிகிறது.

நாய் சாதா நாயாகிவிட்டது என்று பிரகாஷ் போனில் அழுகிறான். நான், "உன்னைப் பெத்து நான் பட்டதுக்கு அழுதியாடா?" என்று கேட்டேன், வைத்துவிட்டான். அடுக்குமாடிப் பொம்பளைகள் உன் நாய் இன்னும் பூசை செய்கிறதா என்று கேட்டார்கள். ஓய்வு வாங்கிவிட்டது என்றேன்.

டாக்டருக்கு நாய்களைப் பற்றி மட்டும்தான் தெரியுமாக்கும். உனக்குப் பொய் சொல்ல வராது, எல்லப்பா. சின்ன வயசிலும் வராது. இருந்தாலும் சொன்னாய். இருக்கட்டும்.

குளிரில் அவளைத் தரையில் போடாதே. என் பழைய கம்பளி பீரோவில் இருக்கிறது, அதை மடித்துப் போடு. பச்சையை எடுக்காதே, அது உன் மாமாவுடையது. சரி, அதையே போடு.

வெங்கடம்மாள்

*

சூளகிரி
25-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது; காரணம் கீழே வருகிறது.

பச்சைக் கம்பளியைப் போட்டேன். அதில்தான் படுக்கிறாள்.

இடையில் ஒரு கெட்ட செய்தி. கட்டுக்குள் வைக்கலாம், முழுசாகப் போகாது என்று டாக்டர் சொன்னது உண்மைதான். பொங்கலுக்குப் பிறகு வந்த அஷ்டமிக்கு முந்தின மாலை, யாரோ வேலிக்கு வெளியே நின்று அவளுக்கு வடையைப் போட்டிருக்கிறார்கள். காகிதம் கிடந்தது. மறுநாள் காலை வாசலில் பழையபடி குனிந்துவிட்டாள். எச்சில் ஒழுகியது, கால்கள் நடுங்கின.

கோயிலில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். "மறுபடியும் கும்பிடுதுடோய்!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் கற்பூரத் தட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். போன்கள் எல்லாம் மேலே போயின. பிரகாஷ் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

நான் மாத்திரையும் கையுமாக வந்தேன். வழிவிடச் சொன்னேன். விடவில்லை. அப்போது கொஞ்சம் உரக்கப் பேசிவிட்டேன். பிறகு அவளைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓசூர் போனேன். பிரகாஷ்தான் ஆட்டோவைக் கூப்பிட்டான். அதையும் சொல்ல வேண்டும். ஊசி போட்டு, சலைன் ஏற்றி, இரண்டாம் நாள் அனுப்பினார்கள். இப்போது கஞ்சித் தண்ணீர் குடிக்கிறாள். நிமிர்ந்து நிற்கிறாள்.

எல்லப்பன்

*

புனே
6-2-2025

எல்லப்பா,

நான் சுகம். அதை விடு.

நீ உரக்கப் பேசினாயா? நீயா? பிரகாஷைப் போனில் கேட்டேன், "அத என்கிட்ட கேக்காதம்மா" என்கிறான். பத்துப் பேர் முன்னால் நீ வாயைத் திறந்தாய் என்பதை நான் நம்ப வேண்டுமானால், என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை மாறாமல் எழுது. நீயாகத் திருத்தி, தேய்த்து, மரியாதை சேர்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் வருகிறேன். சம்பங்கிக்குச் சொல்.

அக்கா

*

சூளகிரி
15-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தொண்டை சரியாகிவிட்டது. நீ வரும் செய்தியைச் சம்பங்கியிடம் சொன்னேன். வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தூங்கிவிட்டாள்; ஒருக்களித்துத்தான்.

நீ கேட்டபடி, மாற்றாமல் எழுதுகிறேன். பேசிய அன்றே குறித்து வைத்தேன், எங்காவது தவறியிருக்கிறேனா என்று பார்ப்பதற்காக.

"போன கீழ வைங்கடா. அது கும்பிடல. வயித்து வலியில நிமிர முடியாம நிக்குது. நீங்க போட்ட வடைதான் அது வயித்துல இருக்குது. ஒரு ஜீவன் வலியில குனிஞ்சு கெடக்குது, அதப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் கண்ணு எதுக்குடா? முன்ன ஒருத்தரு குனிஞ்சு கெடந்தப்பவும் இப்படித்தான் சுத்தி நின்னு பக்தி பக்தின்னு பாத்துனு இருந்தோம். கும்பிடணும்னா நீங்க குனிங்க. அத விடுங்க."

அவ்வளவுதான். கற்பூரம் பிடித்திருந்தவர் தட்டைக் கீழே வைத்தார். பிரகாஷ் சாலைப் பக்கம் ஆட்டோவைத் தேடி ஓடினான்.

பலமுறை படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் ‘டா’ போட்டிருக்கிறேன். அது தவறு, கூட்டத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார்.

மற்றதெல்லாம் சரி.

உன் தம்பி,
எல்லப்பன்